காற்றில்லாத பெரிய வெள்ளி

அன்பு மகள் எவந்தியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அங்கே மாண்ட்ரியாலில் நீயும் குழந்தையும் இருமல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, எலுமிச்சை இந்த வருஷம் குறைவு. நீ கேட்ட பெரிய வெள்ளி ஊர்வல வீடியோ கிடைத்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை, அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

பெரிய வெள்ளி மாலை நம் தீவில் பலத்த காற்று, அதனால்தான் ஏதென்ஸிலிருந்து விமானம் வரவில்லை, நஷ்டஈடு கிடையாது என்று விமானக் கம்பெனி உனக்கு எழுதியிருக்கிறதே, அதே மாலை எடுத்ததுதான் இந்த வீடியோ. அதில் ஊரே மெழுகுவர்த்தியோடு ஆண்டவரின் பூப்பாடைக்குப் பின்னால் நடக்கிறது, ஒரு சுடர்கூட அசையவில்லை. ஆனால் முன்வரிசையில் மெழுகுவர்த்தியோடு நிற்பது உன் ஞானத்தகப்பன் பந்தெலி. அந்தக் கம்பெனிக்கு இங்கே இருக்கிற ஒரே ஆள். காற்று என்று நோட்டீஸ் ஒட்டியது அவர்தான். குழந்தை காய்ச்சலோடு ஏதென்ஸ் விமான நிலையத் தரையில் கிடக்கிறது என்று நீ அழுதபோது, "காத்து பிள்ள, நான் என்ன செய்யட்டும்" என்றவரும் அவர்தான்.

நேற்று ரொட்டிக்கடையில், வீடியோ விஷயம் காதில் விழுந்த அவர் மனைவி மரூகா எல்லார் முன்னாலும், "கனடா சம்பளம் பத்தலையாக்கும், இனி எங்க சோத்துலயும் கை வைக்கணுமா" என்றாள். "தரையில கிடந்தது உன் பேத்தியா இருந்தா இப்படிப் பேசுவியா" என்று கேட்டுவிட்டு ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன். சாயந்தரம் பந்தெலியே வந்தார். காபிகூட வேண்டாம் என்று வாசலிலேயே நின்றார். "காத்தில்ல ஸ்டமாத்தியா, விமானம் அங்கயே பழுதாகி நின்னுச்சு. பழுதுன்னா அறுநூறு யூரோ கொடுக்கணுமே, அதான் காத்துன்னு எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். பென்ஷனுக்கு இன்னும் பதினோரு மாசம்" என்றார். வீடியோவை அனுப்பாதே என்று கெஞ்சுவார் என நினைத்தேன், கெஞ்சவில்லை. "அவ அனுப்பட்டும். அதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும், மறுபடி அவகிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஞானஸ்நானத்தில் உனக்கு எண்ணெய் பூசியவர் அவர்.

அப்பா அனுப்பு என்கிறார். நான் இரண்டு நாள் வீடியோவைப் பிடித்து வைத்திருந்தேன், மறைத்தால் நானும் காற்று என்று எழுதியது போலத்தான். இதோ அனுப்புகிறேன். கம்பெனிக்குக் கொடுக்குமுன் அவரைக் கூப்பிடு, ஞாயிறு பூசை முடிந்து வீட்டில்தான் இருப்பார். திட்டுவதானாலும் நேராகத் திட்டு. அதன்பின் நீ எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்.

தேவமாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும். குழந்தையின் காதை மூடி வெளியே கூட்டிப்போ.

உன் அம்மா,
ஸ்டமாத்தியா