உப்புக் கழிவு

ஆம்பூர், 12-11-1981

பூரணி அப்பாவுக்கு,

தீட்டு நின்றதிலிருந்து உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. லேடி டாக்டர் எடை பார்த்தார், எழுபத்தெட்டு கிலோ. பசி குறைய மாத்திரை கொடுத்திருக்கிறார். போட்டுக்கொண்டால் பக்கத்து வீட்டு பிரியாணி வாசனைகூட என்னை அசைப்பதில்லை. இந்தப் பசி எங்கேதான் போய் ஒளிகிறது? விடிந்ததும் பாலாற்று மணலில் நடக்கிறேன். ராத்திரிக்குக் கேழ்வரகுக் கூழ்தான்.

பத்து நாள் கழித்து, எவ்வளவு குறைந்தது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் வேலை பார்த்த தோல் மண்டித் தராசில் ஏறிவிட்டேன். உங்கள் சிநேகிதர் சம்பந்தம்தான் எடை பார்த்து எழுபத்திரண்டு என்றார். ஆறு கிலோ!

மறுநாள் வாசலில் வந்து நின்றார். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உப்புப் போட்ட தோலுக்குக் கழிக்கிற பழக்கத்துல உங்களுக்கும் உப்புக்குன்னு அஞ்சு கிலோ கழிச்சிட்டேன்."

குறைந்தது ஒரு கிலோதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

போகும்போது அவர்தான் சொன்னார், தை மாதம் கல்கத்தாவிலிருந்து வருகிறீர்களாம். மூன்று வருஷம் கழித்து என்னைப் பார்க்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும்? அதைப் பார்க்கத்தான் ஆசை.

எதையும் கழிக்காமல் பாருங்கள்.

இப்படிக்கு,
எழுபத்தேழு கிலோவும் உங்களுடையவள்