புதுச் செயின், பழைய பல்

அன்புள்ள மகனுக்கு, இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் அப்பாவின் வண்டியைப் பிரித்துப் போட்டபோது யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. நான், உன் தங்கை, மாப்பிள்ளை, எதற்கெடுத்தாலும் பொறுங்க பொறுங்க என்பாரே அந்தப் பொறுங்க மெக்கானிக், அப்புறம் என் கூடப்பிறந்த தந்தி மாமா. பேத்தி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் சேர்த்தி இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் தங்கை வண்டியோடு விழுந்ததிலிருந்து நீ இரண்டு வார்த்தை பேசிவிட்டு டூட்டி டூட்டி என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் கோணல் எழுத்தானாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் தங்கைக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. மணிக்கட்டு கொஞ்சம் வீங்கினாற்போல இருக்கிறது, ஆனால் குடத்தைத் தூக்குகிறாள், பிள்ளைக்குச் சடை பின்னுகிறாள். வண்டியை விற்றுத் தொலையுங்கள், வேறு வாங்கித் தருகிறேன் என்று நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காலை டூட்டி, பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே அங்கே இருக்க வேண்டும், அப்பா அவளுக்குக் கற்றுக்கொடுத்த வண்டி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் கால் எட்டவில்லையாம். விற்கவும் விடவில்லை, சாவியைத் தொடவும் இல்லை. மாப்பிள்ளைதான் நாள் தவறாமல் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குகிறார். இப்படியே போனால் இரண்டு பேரில் ஒருவருடைய வேலை போய்விடும் என்றுதான் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன்.

அவர் வந்து கழற்றியதை எல்லாம் ஒரு பழைய போர்வையில் வரிசையாகப் பரப்பி வைத்தார், பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தட்டு வைத்த மாதிரி. ஒவ்வொன்றையும் எங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கிளட்ச் கேபிள் நார் நாராகப் பிரிந்து ஒரே இழையில் நின்றது, பிரேக் கட்டை தேய்ந்து காகிதமாகியிருந்தது, பின்சக்கரத்துப் பேரிங் என் முழங்கால் மாதிரி கடகட என்றது. கடைசியில் பல்சக்கரத்தைக் கையில் கொடுத்தார். பல் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கியாக நின்றது. பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் பல் செயினையும் தின்றுவிடுமாம், செயினும் இரண்டு பல்சக்கரமும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டுமாம். அதனால்தான் பாலத்து ஏற்றத்தில் செயின் பல்லை விட்டுத் தாவி, சக்கரம் இறுகி, இவளைத் தள்ளிவிட்டது என்றார்.

அவ்வளவுதான், தந்தி மாமா எழுந்து நின்றுவிட்டான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, லீவுல வந்து உன் மகன் பார்த்த கைவேலைதான் இது" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் சொன்னார்: "பொறுங்க. தம்பி மட்டும் புதுச் செயின் போடலைன்னா பழசு என்னைக்கோ அறுந்திருக்கும். புதுச் செயின் கொஞ்ச நாள்ல தொங்கும், இழுத்துக் கட்டணும். அதை யாரும் செய்யலை." எனக்கு உடனே ஞாபகம் வந்தது. நீ ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டே, மாப்பிள்ளை, செயின் தொங்குதான்னு அப்பப்ப பார்த்துக்குங்க என்றாய், மாப்பிள்ளை வாயில் பிரஷ்ஷோடு தலையாட்டினார். நீலக் கோடு போட்ட துண்டு தோளில் கிடந்தது. அதை அப்படியே எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போனது, ஆமா அத்தை, மறந்துட்டேன் என்றார். இத்தனை நாள் அவரும் அதை மனதில் போட்டுப் புழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். உனக்குப் பல் தெரியவில்லை, அவருக்குச் செயின் ஞாபகம் இல்லை, இதில் யாரைப் போய்த் தூக்கில் போடுவது. நீ தங்கைக்கு நல்லது நினைத்துச் செய்தாய் கண்ணு, கரி படிந்த கையோடு நீ சாப்பிட உட்கார்ந்ததையும் நான்தான் பார்த்தேன்.

மெக்கானிக் கொண்டுவந்த சின்னப் பல்சக்கரம் வேறு வண்டிக்கானது, ஓட்டை பொருந்தவில்லை, பொறுங்க என்று திரும்பக் கடைக்கு ஓடினார். அந்த இடைவெளியில் தந்தி மாமா இரண்டாவது டீயும் குடித்துவிட்டுத்தான் போனான். சாயங்காலம் எல்லாம் மாட்டி முடிந்தது. உன் தங்கை வண்டியில் உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பவில்லை. மாப்பிள்ளை பின்னால் ஏறப்போனார். வேண்டாம், அம்மா ஏறட்டும் என்றாள். அப்பா போன பிறகு அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. முட்டி வலியோடு ஏறி, அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தெருவைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, நேராக அந்தப் பாலத்துக்கே விட்டாள். ஏற்றத்தில் கியரை மாற்றும்போது அவள் முதுகு கல்லாக இறுகியது, நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. உச்சிக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள், முகமெல்லாம் ஈரம். "அம்மா, அண்ணன்கிட்ட சொல்லு, ஏறிடுச்சுன்னு."

அதைச் சொல்லத்தான் இவ்வளவும். மறுநாளிலிருந்து அவளேதான் ஓட்டிப் போகிறாள். எனக்குப் போன் செய்யாவிட்டால் போகட்டும், அவளுக்குச் செய், அவள் டூட்டி முடிந்து வந்து போனை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறாள். லீவு கிடைத்தால் வா, வண்டியை நீயும் ஓட்டிப் பார். அந்தப் பழைய பல்சக்கரத்தை நான் தூக்கிப் போடவில்லை, இறக்கிய சோற்றுப் பானையை அதன்மேல்தான் வைக்கிறேன், ஆடாமல் நிற்கிறது. கை கால் சுகத்தோடு, மனதில் பாரமில்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். ஹெல்மெட் வாரை மாட்டாமல் ஓட்டாதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

மறந்துவிட்டேன். பல்லை மன்னித்தேன், செயினை மன்னித்தேன், மாப்பிள்ளையை அன்றைக்கே மன்னித்தாயிற்று. அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோவதற்குள் உனக்குப் போன் போட்டு, நீ மாட்டின செயின்தான் உன் தங்கச்சியைத் தள்ளுச்சு என்று சொன்னவன் ஒருவன் இருக்கிறான், உன்னை இத்தனை நாள் என்னிடம் பேச விடாமல் செய்தவன். கூடப்பிறந்தவன் என்றாலும் சரி, அவனை மட்டும் என் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன்: தந்தி மாமா.