றிக்சன் விளையாடிய பிரிவு

பாலையூற்று,
திருகோணமலை.
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதியது.

என் அன்பு மகள் தினுஷாவுக்கு,

உனக்கும் மருமகனுக்கும் ஒரு நோய்நொடியும் வராமல் மாதா காக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம். அதற்கு மேலே சுகம் என்று எழுத மனம் வரவில்லை. அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றவில்லை, கிளினிக்கில் மருந்தை மாற்றித் தந்திருக்கிறார்கள், அதைக் குடித்தால் நாள் முழுக்க நித்திரை. எனக்கும் களைப்புத்தான், காலமை எழும்பும்போதே களைப்பு. போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எங்கள் வீட்டில் குசினியில் கதைத்தால் முன்வாசலில் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். தம்பி றிக்சன் என்னோடு முகம் கொடுத்துக் கதைத்துப் பதினொரு நாள் ஆகிறது. அதற்குக் காரணம் நான்தான். அதை ஒழுங்காக உனக்கு எழுத வேண்டும் என்றுதான் கடதாசியை எடுத்தேன்.

துறைமுக அலுவலகத்தில் என்னோடு கிளார்க்காக இருந்த ஸெய்னுதீன் இப்போது உப்புவெளியில் விடுதி வைத்திருக்கிறார். விடுதிக்குப் பின்னால் இருக்கிற வளவில் பெயின்ற்போல் மைதானம் போட்டிருக்கிறார் என்று முன்பும் சொன்னேன். காற்றடித்த பெரிய மறைப்புகளுக்குப் பின்னால் நின்று சாயக் குண்டால் சுடுகிற விளையாட்டு, சாயம் பட்டவர் வெளியே போக வேண்டும், எதிர்ப்பக்கத்து மணியை அடித்தால் ஒரு புள்ளி, நாலு புள்ளியை முதலில் எடுக்கிற குழுவுக்கு வெற்றி. துவக்கு மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க ஆரம்பத்தில் எனக்குப் பயமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. என் கையெழுத்து நல்லது என்று போட்டி நாட்களில் பதிவு மேசையில் இருக்கச் சொன்னார், நானும் வீட்டில் சும்மா இருப்பதைவிட இது பரவாயில்லை என்று போகத் தொடங்கினேன். பிரிவு என்றால் வயதுப் பிரிவா என்று நீ ஒருநாள் கேட்டாய், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வயது இல்லை, திறமை. புதிதாக வருகிறவர்கள் கீழ்ப் பிரிவில் தங்களைப் போன்றவர்களோடு விளையாடுவார்கள், அதற்கு மேலே நடுப்பிரிவு, அதற்கும் மேலே கொழும்புக் குழுக்கள் வருகிற மேல்பிரிவு. ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பதிவு இருக்கிறது, எந்தப் போட்டியில் எத்தனையாம் இடம் வந்தார் என்று அதில் ஏறிக்கொண்டே போகும். கீழே வென்றவரை மேலே ஏற்றிவிடுவோம். பிறகு அவர் குழுவை மாற்றினாலும் தரம் மாறாது, தன்பாட்டில் கீழே இறங்கி விளையாட ஏலாது. இல்லாவிட்டால் பழகினவர்கள் வந்து புதியவர்களை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், புதிதாக ஒருவரும் வரமாட்டார்கள்.

போன வருடம் தம்பியின் குழு கீழ்ப் பிரிவில் முதலாம் இடம் எடுத்தது, படம் அனுப்பினேன், நீயும் பார்த்துச் சந்தோஷப்பட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நடுப்பிரிவுக்கு ஏறினார்கள், மூன்று போட்டியிலும் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. ஒருதடவை ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு பேர் விளையாட்டை விட்டுவிட்டார்கள், ஒருவர் வெளிநாடு போய்விட்டார், குழு கலைந்தது. முப்பத்தொரு வயதுப் பிள்ளை, துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தால் முன்பு அந்த விளையாட்டைப் பற்றித்தான் வாய் ஓயாமல் கதைப்பான். பிறகு அந்தப் பேச்சே இல்லை. நானும் களைப்பில் கேட்காமல் விட்டேன். அது என் பிழை.

போன புதன்கிழமைக்கு முந்தின புதன், பௌர்ணமிப் போயா விடுமுறை, போட்டி வைத்தார்கள். காலமை தம்பி தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். கீழ்ப் பிரிவில் புதுக் குழு ஒன்றின் தலைவர் ஐந்து பேரின் அடையாள அட்டைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் ஒன்று தம்பியின் கூட்டாளி, இந்த விளையாட்டுப் பக்கமே முன்பு வராத றொஷானுடையது. கத்தாரில் இருந்து வந்துவிட்டான் போல என்று நினைத்து, ஆளை நேரில் பார்க்காமலே பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அந்தக் குழு முதல் இரண்டு ஆட்டத்தையும் சுகமாக வென்றது. மூன்றாவது ஆட்டம் கிண்ணியாவில் இருந்து வந்த சஜீத்தின் குழுவோடு. அவரும் தங்கச்சி சனூஸாவும் சேர்ந்து ஆறு மாதமாகப் பழகிக் குழு கட்டியவர்கள், அந்தப் பிள்ளை முழுக்கை உடுப்பும் தலையில் ஸ்காவ்வும் முகமூடியுமாய் வந்து என்னிடம் இரண்டுதரம் விதி கேட்டுப் போனது. நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். நாலு தடவையும் மணியை அடித்தது ஒரே ஆள்தான். முகமூடி போட்டால் எல்லாரும் ஒரேமாதிரித்தான் என்று சொல்வார்கள். பெற்றவளுக்கு அப்படி இல்லை, பிள்ளை. குனிந்து ஓடுகிற விதம், நின்றதும் கழுத்தைச் சொடுக்குகிற விதம். அது உன் தம்பி.

அப்போதும் நான் எழும்பவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கலாம், இன்னும் இரண்டு ஆட்டம், முடிந்துவிடும் என்றுதான் யோசித்தேன். அதற்குள் சனூஸா முகமூடியைக் கழற்றிக்கொண்டு மேசைக்கு வந்து, "அன்ரி, புதுசா வந்தவங்களே இப்படி விளையாடினா எங்களுக்கு இது சரிவராது. வாப்பா வேணாமெண்டுதான் சொன்னவர். எங்கட பேரை அடுத்த போட்டியில இருந்து வெட்டிருங்க" என்று சொன்னது. அழவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னது. பேனை என் கையில் இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரை எப்படி வெட்டுவேன்? "கொஞ்சம் பொறு மகள்" என்று சொல்லிவிட்டு நேரே ஸெய்னுதீனிடம் போய், றொஷானின் அட்டையை வைத்து விளையாடுவது என்னுடைய மகன், பதிவில் கையெழுத்து வைத்தது நான் என்று சொன்னேன். அந்த மனுசன் பதிவை வாங்கி என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, "சீலா, அவர் கீழ இறங்கோணுமெண்டு எழுதித் தந்திருந்தா நான் பாத்திருப்பனே, தொடர்ந்து தோத்தவங்களுக்கு அதுக்கும் வழி இருக்குதானே" என்றார். எனக்கும் தெரியும், அந்தப் படிவம் என் மேசை லாச்சியிலேயே இருக்கிறது. ஆனால் எனக்குத் திறமை காணாது, என்னை இறக்கிவிடுங்கள் என்று எழுதித் தர உன் தம்பியால் ஏலாது. அதுவும் அம்மா இருக்கிற மேசையில்.

அந்தக் குழுவின் வெற்றி எல்லாவற்றையும் தள்ளினார்கள், தம்பிக்கு ஒரு வருடத் தடை. நான் பதிவு மேசையை விடுகிறேன் என்றேன், ஸெய்னுதீன் ஏற்கவில்லை, இனி அட்டையையும் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்றுமட்டும் சொன்னார். கிண்ணியாக் குழு அரையிறுதிக்குப் போய் நாலுக்கு இரண்டு என்று தோற்றது. அந்த இரண்டில் ஒன்று சனூஸா அடித்த மணி. மைதானத்தைச் சுற்றி நின்ற எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி முகமூடியைக் கழற்றாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து நான் ஏசுவேன் என்று அப்பா பயந்தார், நான் ஏசவில்லை. அவன்தான் கேட்டான். "என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தானே அம்மா. நான் வெளியில வந்திருப்பன்." அவன் கேட்டது சரி. அந்த நேரம் எனக்கு அது தோன்றவே இல்லை. பிறகு ஒன்று சொன்னான், அதுதான் பூசையிலும் எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. "மேல விளையாடினா பத்து செக்கனில வெளியில நிக்கிறன். கீழ விளையாடினா கள்ளன். நான் எங்கதான் நிக்கிறது?" அதோடு கதை நின்றுவிட்டது. சாப்பாட்டைப் போட்டுவைத்தால் சாப்பிடுகிறான், கோப்பையைக் கழுவி வைக்கிறான், வேலைக்குப் போகிறான். அப்பா என் முகத்தைப் பார்த்து, "உனக்குப் பெத்த பிள்ளையை விடப் பேனை பெரிசாப் போச்சு" என்று ஒருதரம் சொன்னார். நான் செய்தது பிழை என்று நினைக்கவில்லை, மகள். ஆனால் சரியானதைச் செய்த ஆளுக்கு இருக்க வேண்டிய நிம்மதி எனக்கு ஒரு மணி நேரம்கூட வரவில்லை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ, இரவு வேலைக்கு மருமகன் போகிற நாளில் கதவை இருதரம் பார். இரும்புச்சத்துக் குளிசையை விட்டுவிடாதே. கடவுள் உங்கள் இரண்டு பேரையும் ஒற்றுமையாக வைத்திருக்கட்டும், உன் கையால் தொட்டது எல்லாம் நல்லபடி நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் தம்பிக்குப் போன் எடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. அம்மா செய்தது சரி என்று என் பக்கம் கதைக்கவும் வேண்டாம். அவன் பக்கம் நின்று கதைக்க இந்த வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருக்க இப்போது ஏலாது.

உன்னை நினைத்தபடி இருக்கும்,
அம்மா
சீலா நிக்கலஸ்