மார்லிஸுக்கு நான் போட்ட இதயம்

ஜனவரி 9
புது ஏற்பாடு: காலைக் காபியோடு ஃபேஸ்புக், அதன் பிறகு போன் ரொட்டிப் பெட்டிக்குள். மதியத்துக்குள் பெட்டியைத் திறந்து திறந்து ரொட்டிதான் தீர்ந்தது. "போனைக் குறைக்கிறேன்னு உடம்பை ஏத்திக்காதே டோரீன்" என்கிறார் என் வீட்டுக்காரர் லைல். முதலில் இந்த மனுஷனைப் பெட்டிக்குள் போட வேண்டும்.

ஜனவரி 12
கை எதைத் தேடிப் போகிறது? கவனித்துப் பார்த்தேன். செய்தியை அல்ல. என் சிநேகிதி மார்லிஸ் என்ன போட்டிருக்கிறாள் என்று பார்க்கத்தான். காரில் பத்து நிமிடம் போனால் அவள் வீடு. நேரில் பார்த்தது கோடையிலோ? அட, வெட்கக்கேடே!

ஜனவரி 13
மார்லிஸ் ஒரு படம் போட்டிருந்தாள்: உறைந்த ஏரிமேல் அவள் கணவன் கர்ட், கையில் பெரிய மீன், வாயெல்லாம் பல். இதயம் போட்டு, 'கொடுத்துவைத்தவள்டி நீ' என்று எழுதினேன்.

ஜனவரி 16
பதில் இல்லை. உடனே பதில் போடுகிறவள். கோபமா? என்மேலா?

ஜனவரி 17
அவள் வீட்டுக்கே போய்விட்டேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ஓவனில் வேகவைத்து எடுத்துப் போனேன். "கர்ட்டுக்குப் பிடிக்குமேன்னு..." என்று நீட்டினேன்.

"அவன் நவம்பர்லயே என்னை விட்டுட்டுப் போயிட்டான். ஃபார்கோ ஊர்ல அவன் தம்பி வீட்டுல இருக்கான்."

"அப்போ அந்த மீன் படம்?"

"போன வருஷத்துதுடி. ஃபேஸ்புக்கே எடுத்துக் காட்டுச்சு. யாராவது 'என்ன மார்லிஸ், பழசைப் போடுறே'ன்னு கேப்பாங்களான்னு போட்டேன். மேலேயே தேதி இருக்கே, நீ பாக்கலியா?"

பாக்கலியே! கொடுத்துவச்சவளாம் — என் விரலை ஒடிச்சு அடுப்புல வைக்கணும். அழுதேன். கடைசியில் அவள்தான் எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஜனவரி 18
"அப்போ ஃபேஸ்புக்கைத் தலை முழுகிடுவியா?" என்றார் லைல். மாட்டேன். அவள் அதில்தானே கூப்பிட்டிருக்கிறாள்! பார்ப்பேன், தேதியோடு படிப்பேன். இதயம் போட விரல் துடித்தால், அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுவேன். பேசினால் என்னதான் சொல்வார்கள்? அறிய ஆசையாக இருக்கிறது.

பிப்ரவரி 2
ராத்திரி நல்ல பனி. காலையில் மார்லிஸ் புதுப் படம் போட்டிருந்தாள்: முழங்கால் அளவு பனியில் அவள் மட்டும். 'கர்ட் என்னை விட்டுப் போய்விட்டான். இனி வாசல் பனியை நானேதான் தள்ள வேண்டும்.' காபியை அப்படியே வைத்துவிட்டு, நானும் லைலும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு கிளம்பினோம். அவள் வீட்டு முன்னால் எங்களுக்கு முன்பே வந்தவர்களின் கார்கள்; நிறுத்த இடமில்லை. தெருமுனையில் விட்டுவிட்டு நடந்தோம்.