மூன்றாவது கேள்வி

என் அன்பு மச்சானே, தனசேகரா,

போன இடத்தில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கேயாவது மைக் இல்லாமல் இருந்தால் சரி. உன் தங்கச்சி செல்வி நன்றாக இருக்கிறாள், வழக்கம்போல என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். செத்தவனுக்குக் கடுதாசி எழுதுகிறாயே, உனக்குப் பைத்தியமா என்கிறாள். உயிரோடு இருந்தபோது மட்டும் நீ காது கொடுத்துக் கேட்டாயா? நம் கட்சித் தலைவரைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே டேப்ரிக்கார்டரில் அவர் பேச்சைப் போட்டுவிடுவாய். இப்போது போட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நாளை மறுநாள் தலைவர் மண்ணூர்பேட்டைக்கு வருகிறார். உன் மகள் மல்லிகா தையல் வேலை பார்க்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியின் வாசலில் கூட்டம். அந்தப் பெண்பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்து, உட்கார்ந்து பேசி, ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டார்கள். வெளியே அனுப்பிய பெண்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள முதலாளி சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை எல்லோரும் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். அந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் தலைவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் உனக்கு நம் கம்பெனி வாசல் ஞாபகம் வரவில்லையா? எனக்கு வருகிறது மச்சான்.

உன் மகளிடம் அந்தச் சாயங்காலக் கூட்டத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். அப்பா வேலை பார்த்த இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியை மூடிவிட்டார்கள் என்பதோடு அவளுக்குத் தெரிந்தது சரி. ஏன் மூடினார்கள் என்பதை நான்தான் நேற்று சொன்னேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

அப்போது அவள் பாவாடை சட்டை போட்ட குழந்தை. நம் கம்பெனிக்கும் இதே அம்பத்தூர் தொழிற்பேட்டைதான், இதே புழுதிதான். வேலைநிறுத்தம் ஆரம்பித்து மாதங்கள் ஓடி, அடுப்பு எரியாத வீடுகள் கூடிக்கொண்டே போன நேரத்தில் நீதான் மேனேஜரோடு போய் உட்கார்ந்தாய். நீ மேஜையைத் தட்டவில்லை, சத்தமும் போடவில்லை. வெளியே நிறுத்தப்பட்ட ஆள் ஒவ்வொருவனுக்காகவும், "சார், அவன் ஊட்ல ரெண்டு பொண்ணு கீது சார், எடுத்துக்கோங்க சார்" என்று அந்தக் கரகரத்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னாயே, அந்தப் பேச்சுதான் ஜெயித்தது. திங்கட்கிழமை உள்ளே போகலாம் என்று முடிவானது. மத்தியானத்துக்குள் அம்பத்தூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. செல்வி என் காக்கிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

நீயே மேடை ஏறிச் சொல்லிவிடு என்றேன். கேட்டாயா?

"தலைவரு வாயால சொன்னாத்தான் மச்சான் மரியாத. நான் சொன்னா எவன் கேப்பான்?"

தலைவர் பூந்தமல்லிக் கூட்டத்தை முடித்துக்கொண்டு தாமதமாக வந்தார். ஒப்பந்தத் தாளை நீ அவர் கையில் கொடுத்தாய். அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். முதலில் பேசவே இல்லை. துண்டை எடுத்து மெதுவாக நெற்றியைத் துடைத்தார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு, காதருகே சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில், "என் வீட்டாரே" என்றார். அவ்வளவுதான், ஃபவுண்டரிச் சூட்டில் வெந்த ஆம்பிளைகளெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். நம் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்ட மனிதரா அவர்?

அப்புறம் அவருடைய வழக்கமான மூன்று கேள்விகள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி மேலே ஏறும்.

"மொழியை விற்பீர்களா?"

"மாட்டோம்!"

"மானத்தை விற்பீர்களா?"

"மாட்டோம்!"

சுருட்டிய தாளைக் கம்பெனி கேட்டை நோக்கி நீட்டினார். "இந்த வாசலில் தலை குனிந்து நுழைவீர்களா?"

"மாட்டோம்!"

முதலில் கத்தியது யார்? மேடையில் அவர் தோளை உரசிக்கொண்டு நின்ற நீ. கையை வேறு தூக்கினாய். நானும் கத்தினேன், இல்லையென்று சொல்லவில்லை. குழாயடியில் நின்ற செல்வியும் கத்தினாள். யார் மச்சான் கேள்வியைக் காதில் வாங்கினோம்? அந்தக் குரல் ஏறுகிற ஏற்றத்தைத்தான் கேட்டோம். அந்த ஏற்றத்தின் உச்சியில் மாட்டோம் என்ற ஒரு பதிலைத் தவிர வேறு பதிலே நமக்குப் பழக்கமில்லை. தலைவர் கைகூப்பினார், கார் போய்விட்டது. ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நாம் டீக்கடைக்கு வந்து, கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் மோல்டிங் செக்‌ஷன் ஏழுமலை மெதுவாகக் கேட்டான். "அப்போ திங்கக்கெழம இன்னாப்பா?"

நாம் அங்கே கத்தியபோது கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்று மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் காலையில் பூட்டும் நோட்டீஸும் தொங்கின. தலை குனிய மாட்டோம் என்று சொன்னவர்கள் எதற்கு உள்ளே வர வேண்டும் என்று கேட்டாராம். அந்தக் கேட் அதற்குப் பிறகு நமக்குத் திறக்கவே இல்லை.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிசில்லை. ஆள் என்றால் வாய் தவறும். ஆனால் நீ தலைவர் வீட்டு வாசலில் பாதி நாள் காத்துக் கிடந்து, "நீங்க ஒரு வார்த்த உள்ள போங்கன்னு சொல்லிட்டா போதும் ஐயா" என்று கெஞ்சினாயே, அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. "முடிவெடுத்தது என் வீட்டார் அல்லவா, அதை மீற நான் யார்?" என்றாராம். கேள்வியைக் கேட்டது அவர், கைதட்டலை வாங்கிக்கொண்டதும் அவர், பதிலுக்கு மட்டும் நாம் பொறுப்பா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் நன்றாகப் பிழைத்தார். ஏழுமலை பெண்டாட்டி தாலியை அடகு வைத்தாள்.

அங்கிருந்து திரும்பி வந்த உன் முகத்தை நான் மறக்கவில்லை. அழுதுகொண்டு வருவாய் என்று பார்த்தால், "தலைவரு என் தோள்ல கைய வச்சாரு மச்சான்" என்று சொல்லிச் சிரித்தாயே. அடப்பாவி.

அதற்கப்புறம் உனக்குக் கோவில்பதாகையில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. பகலில் தூங்கி எழுந்ததும் அதே கேசட். ஒருநாள் பொறுக்க முடியாமல், இந்தக் குரலால்தானே நடுத்தெருவில் நிற்கிறோம் என்று சண்டைக்கு வந்தேன். நீ டேப்பை நிறுத்தினாய். "கம்பெனில நம்மள டேய்னு தானே கூப்ட்டான்? வீட்டாரேன்னு எவன் மச்சான் கூப்ட்டான்? இவரு ஒருத்தருதான கூப்ட்டாரு" என்றாய். நீ சொன்னது உண்மைதான். ஆனால் கூப்பிட்டவர் ஒருவேளை சோறு போட்டாரா? அதையாவது நீ சொல்லியிருக்கலாம்.

நீ போன அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் மேல் கட்சிக்கொடியைப் போர்த்தினார்கள். வட்டச் செயலாளர் வந்தார். பாடையைத் தூக்குவதற்கு முன் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார், குரலைத் தாழ்த்தினார், அச்சு அசல் தலைவரேதான். "தோழர் குணசேகரனை மறப்பீர்களா?" என்று கேட்டார்.

"மாட்டோம்!" என்று தெருவே கத்தியது. என் வாயும் பாதி திறந்துவிட்டது மச்சான்.

செல்விதான் எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்க, "யோவ்! எங்க அண்ணன் பேரு தனசேகரு. நீ யாரய்யா மறக்க மாட்டே?" என்றாள். அந்த மனிதர் பேச்சை முடிக்காமலே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். நாளை மறுநாள் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்திருப்பதும் அவர்தான்.

இவ்வளவையும் மல்லிகாவிடம் சொன்னேன். தலைவர் வேண்டாம், ஒப்பந்தத்தை மேடையில் நீங்களே ஏறிப் படித்துவிடுங்கள் என்றேன். இனிமேல் நிறுத்த முடியாது, போஸ்டர் ஒட்டியாகிவிட்டது என்றாள்.

"புரியுது மாமா. ஆனா அவரு பேச ஆரம்பிச்சா எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்குது. நா இன்னா பண்ணட்டும்?"

எனக்கும் சிலிர்க்கிறதே! வயசாகி அவர் தொண்டை உடைந்துவிட்டது, இருந்தாலும் சிலிர்க்கத்தான் செய்கிறது. சிலிர்த்தால் சிலிர்த்துக்கொள், மூன்றாவது கேள்வியை மட்டும் முழுசாகக் காதில் வாங்கு என்றேன்.

அவள் இன்னொன்று கேட்டாள். "அன்னிக்கி அவ்ளோ பேர்ல ஒருத்தர்கூட போவோம்னு சொல்லலியா மாமா?"

இல்லையம்மா, ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உன் சாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை மறுநாள் நான் முன்வரிசையில் நிற்பேன். அவர் நெற்றியைத் துடைக்கட்டும், வீட்டாரே என்று கூப்பிடட்டும், மொழியையும் மானத்தையும் கேட்கட்டும். வாசலைக் காட்டி அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டார் என்றால், அடிவயிற்றிலிருந்து "போவோம்!" என்று கத்துவேன். அடி விழுந்தால் விழட்டும். மல்லிகாவும் தன் வரிசைப் பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். எத்தனை பேர் கத்துவார்கள் என்று தெரியாது. செல்வி இவ்வளவு நேரம் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போதுதான் வந்து நின்றாள்.

"நானும் வர்றேன். எங்க அண்ணன் சொல்ல வேண்டியத நீ ஒருத்தனே எப்டி சொல்லுவ?"

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டியவன், உன்னோடு சேர்ந்து அன்று கத்தியவன்,
உன் மச்சான் முருகேசன்