புழக்கடையில் நின்ற அரளி

அன்பு மகன் ரதீஷுக்கு அப்பா குழந்தைசாமி மட்டாஞ்சேரியிலிருந்து எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அம்பிளி, அம்பிளியின் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் ஆள் எல்லோரும் சுகம். நீயும் அந்த ருமேனியாக் கப்பல் கட்டும் தளத்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இது நான் எழுதும் முதல் கடிதம். சுள்ளிக்கல் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்ட வந்துவிட்டது என்று போனில் சொன்னபோது நீ சிரித்தாய், இப்போது இதைப் பார். தமிழ்நாட்டு லாரி எது வந்தாலும் அதன் பின்னால் எழுதியிருப்பதை நின்று வாசித்துவிட்டுத்தான் நகருகிறேன், கூட வர வெட்கமாக இருக்கிறது என்று அம்மா முன்னால் போய்விடுகிறாள். நீயும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், நானும் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் இரண்டு பேருக்கும் சரியாகப் போகும். போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்றால், அம்பிளியின் அம்மா பேச்சை எடுத்தால் நீ உடனே அங்கே மணி என்ன, வெயில் வந்ததா என்று வேறு பக்கம் போய்விடுகிறாய். கடிதத்தில் அப்படிப் போக முடியாது. இதை அம்பிளி போட்டோ எடுத்து இன்றே உனக்கு அனுப்புவாள், தாள் பின்னால் தபாலில் வரும். அவளுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும், ஆகவே தைரியமாக எழுதுகிறேன்.

புழக்கடையை நான் தோட்டமாக்கினது உனக்குத் தெரியும், ஆனால் முழுக் கதையும் தெரியாது. காக்கநாட்டுக்கு பஸ்ஸில் போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அம்பிளி ஆபீஸ் வேலையை வீட்டிலேயே செய்கிறாள் அல்லவா, அந்த ஒற்றை ஜன்னல் அறையில் கம்ப்யூட்டரும் அவளுமாக இருந்து முகமே வெளுத்துவிட்டது. சாப்பிட மட்டும் வருவாள், அம்மா பேசினால் சிரிப்பாள், திரும்பப் போய்விடுவாள். வெளியே வந்து உட்கார ஓர் இடம் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது, தோன்றினதும் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. ஆனால் நம் புழக்கடை மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, தை மாதத்து வேலியேற்றத்தில், கடல் ஏறும்போது, ஓடை வழியாகக் காயல் தண்ணீர் உள்ளே வந்து நின்றுவிட்டுப் போகும், போனபின் மண்ணெல்லாம் உப்பு. மல்லி வைத்தேன், கருகியது. செம்பருத்தி வைத்தேன், இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. கார்ப்பரேஷன் வேலையில் ஊர்க் குப்பையெல்லாம் வாரினவனுக்கு ஒரு செடி வைக்கத் தெரியவில்லையா என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் என் கூட்டாளி முகமது இஸ்மாயில், அவன் இப்போது குட்டியானை வண்டி ஓட்டுகிறான், தோப்பும்படி ஹார்பரில் மீன் வைத்துக் கழித்துப் போட்ட தெர்மோகோல் பெட்டிகளை ஒரு லோடு கொண்டுவந்து இறக்கினான். தரையில் உப்பு என்றால் தரைக்கு மேலே வை என்றான். சரி என்று பெட்டிகளில் நல்ல மண் நிரப்பி, பக்கத்துச் சுக்கு மிளகு குடோன் சுவரை ஒட்டி இரண்டு அடுக்காக வைத்து, செண்டுமல்லியும் இட்லிப்பூவும் நட்டேன், சுவரில் கம்பி கட்டி சங்குப்பூவை ஏற்றினேன், சிரட்டைகளில் பத்துமணிப்பூ தொங்கவிட்டேன். குடோனில் கழித்த பலகையில் ஒரு பெஞ்சும் அடித்தேன்.

நான் யோசிக்காமல் போனது ஒன்றுதான். பெட்டியை எத்தனை கழுவினாலும் மீன் மணம் போகாது. மட்டாஞ்சேரியில் இருக்கிற பூனை முழுக்க நம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பூனை, செடியைத் தோண்டிப் போட்டுவிட்டு மீனைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் அங்கேயே படுத்துக்கொள்கிறது. அம்மா குடோனில் கூட்டின மிளகுத் தூசியை வாங்கிவந்து எல்லாப் பெட்டியிலும் தூவினாள். பூனை போகவில்லை, நாங்கள்தான் தும்மினோம். நான் விளக்குமாற்றோடு ஒன்றைத் துரத்த, அது பெஞ்சுக்குக் கீழே போக, நான் குனிய, முதுகு பிடித்துக்கொள்ள, பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். திரும்பினால் அம்பிளி, வாசல்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அச்சா, அந்த மஞ்சள் பூனை உங்களைப் பார்த்துச் சிரிக்குது என்றாள். அன்றிலிருந்து சாயங்காலச் சாயா அவளுக்கு அந்தப் பெஞ்சில்தான். பூவுக்காக வராதவள் பூனைக்காக வந்தாள், வந்தாள் அல்லவா, அது போதும்.

அந்தப் பெஞ்சில் இருந்துகொண்டுதான் ஒருநாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், ஏழாம் மாதம் நீங்கள் வளை போடுவீர்களாமே, என் அம்மா வராமல் எனக்கு வளையும் வேண்டாம் பூவும் வேண்டாம் என்று. அவள் அம்மா விஜி, உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பாண்டிகளின் வீட்டுப் படி ஏறமாட்டேன், எனக்கு மகளே இல்லை என்று சொன்னவள். அவள் வீடு இருக்கும் தோப்பும்படிக்கும் நமக்கும் ஆட்டோவில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம், ஆனால் அவள் வரவில்லை, நீயும் போகவில்லை. நானும் அம்மாவும் தட்டில் வெற்றிலை பாக்கும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு நேரில் போய் அழைத்தோம், அப்படித்தானே அழைக்க வேண்டும். விஜி உள்ளேயே இருந்துவிட்டாள். அம்பிளியின் அப்பா சுதீர் தட்டை வாங்கிக்கொண்டார், சாயா கொடுத்தார், ஹார்பரில் இந்த வருஷம் மத்தி கம்மி என்று மத்தியைப் பற்றியே பேசினார். எழுந்திருக்கும்போது உள்ளே பார்த்து, நான் பறஞ்ஞு நோக்காம், சொல்லிப் பார்க்கிறேன், என்றார். அதற்கு மேல் அந்த மனுஷன் என்ன செய்வார்.

வருவாள் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. வந்தால் நம் புழக்கடையைப் பார்த்து மூக்கைச் சுளிக்கக்கூடாது என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. பெட்டிகளை அங்கே மாற்றுகிறேன், இங்கே மாற்றுகிறேன், செடிக்கே தலை சுற்றும், சும்மா இருங்கள் என்று அம்மா கத்துகிறாள். ஓடை பக்கம் மட்டும் வெறுமையாக, அசிங்கமாகத் தெரிந்தது, பெட்டி போதவில்லை, தரையில் எதுவும் நிற்காது. பூக்கட்டும் ஆவுடையம்மாள்தான் போன வருஷம் இரண்டு அரளிக் கம்பு கொடுத்து, உப்போ வெயிலோ இது சாகாது என்றிருந்தாள். ஒரு மூலையில் வைத்த அந்த இரண்டும் உண்மையாகவே ஆள் உயரம் வந்து செக்கச்செவேல் என்று பூத்திருந்தன, இன்னும் நாலைந்தை வேரோடு வாங்கி வரிசையாக நட்டேன். நம் மாரியம்மனுக்கு மாலையே அதுதான். அம்பிளியின் நாற்காலியை நேராக அதற்கு முன்னால் போட்டேன், பின்னால் சிவப்பாகச் சுவர் மாதிரி நிற்க, முன்னால் அவள் இருந்தால் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப அழகாக இருக்கும் என்று. விதைதான் விஷம், அதை யார் தின்னப்போகிறார்கள் என்று நினைத்தேனே தவிர, இங்கே கோயில்களில் அரளியைப் பிரசாதத்தில் சேர்ப்பதில்லை, தாய்மார்கள் அதைக் கண்டாலே பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும், பூத்து நின்ற அழகில் இறங்கியிருக்கும்.

வளைகாப்பு அன்று தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்பிளிக்குத் தலை நிறையப் பூ வைத்தாகிவிட்டது, கலவைச் சாதங்கள் பெஞ்சில் தயார், அவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறாள். அம்மா வளைத்தட்டை எடுப்பாள், வைப்பாள். நல்ல நேரம் போகிறது என்று ஆவுடையம்மாள் முணுமுணுத்தாள். அப்போது பக்கத்துச் சந்து வழியாகச் சுதீர் வந்தார், அவருக்குப் பின்னால் விஜி. கசவுச் சேலை கட்டி, கையில் ஒரு பையோடு வந்தவள் யாரையும் பார்க்கவில்லை, மகளின் வயிற்றை மட்டும் பார்த்தாள். வாங்க என்று சொல்ல நான் வாயைத் திறக்கிறேன், காற்றுக்கு ஓர் அரளிப்பூ உதிர்ந்து புளியோதரைத் தட்டில் விழுந்தது. அவ்வளவுதான். ஆரா இது இவிடெ வெச்சது என்று ஒரு சத்தம் போட்டாள், குடோன் ஆட்களே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். தட்டை எடுத்து அப்படியே குப்பையில் கவிழ்த்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியை விஷச் செடிக்குக் கீழே உட்காரவைக்க உங்களுக்குப் புத்தி இருக்கா சேட்டா என்று என்னைக் கேட்டாள். உன் அம்மா சும்மா இருப்பாளா, எங்கள் அம்மனுக்கே அதுதான் மாலை என்றாள். அதற்கு விஜி, உங்க அம்மன் இங்கே உட்கார்ந்து சோறு தின்னுதா, என் மோள் தின்னும், என் மோள் இருக்கிற இடத்தில் இது நிற்கக்கூடாது, இப்பப் பிடுங்கணும் என்றாள்.

என் மோள் என்றாள் ரதீஷ். கூட்டத்தில் யார் கவனித்தார்களோ தெரியாது, அம்பிளி கவனித்தாள், நான் கவனித்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் கடப்பாரை எங்கே இருக்கிறது என்றே மறந்துவிட்டது. நானும் விருந்துக்கு வந்திருந்த இஸ்மாயிலும் பிடுங்கினோம், விஜி இடுப்பில் கையை வைத்து நின்று வேலை வாங்கினாள், அந்த வேர் விட்டுப்போச்சு, இந்த இலை கிடக்குது என்று. எரிக்கலாமா என்று கேட்டதற்கு, புகையும் ஆகாது என்று திட்டி, இஸ்மாயில் வண்டியில் ஏற்றவைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள், கழுவினதும் பார்த்துவிட்டுத் திரும்பக் கழுவச் சொன்னாள். எஜமானியம்மாவைச் சம்பந்தியாகப் பிடித்திருக்கிறாய் என்று இஸ்மாயில் என் காதில் சொன்னான்.

செடி போன இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. விஜி அதைச் சற்று நேரம் பார்த்தாள். செண்டுமல்லிப் பெட்டிகளை அங்கே நகர்த்தச் சொன்னாள், பிறகு சேலையைச் செருகிக்கொண்டு அந்த வெறும் மண்ணைக் கையால் தட்டி நிரவி, அங்கேயே குந்திவிட்டாள். செண்டுமல்லியையும் இட்லிப்பூவையும் கேட்டு வாங்கி, இதழ் இதழாக உதிர்த்து, ஓணத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு பூக்களம் போட்டாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், உன் அம்மாவும்தான், சங்குப்பூவை எடுத்து எடுத்துக் கொடுக்கிறாள், அது இல்லை, அந்த நீலம் என்று விஜி அதட்ட அதட்ட மாற்றிக் கொடுக்கிறாள். அம்பிளியின் நாற்காலியை அந்தக் களத்துக்கு முன்னால் போட்டார்கள். முதல் வளையை விஜிதான் போட்டாள். அம்பிளி அழுதாள், வளை போடும்போது அழக்கூடாது என்று அவளுக்கும் ஒரு திட்டு கிடைத்தது, திட்டினவளுக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. உனக்கு வந்த போட்டோவில் நீ நாற்காலியைத்தான் பார்த்திருப்பாய், கீழே இருக்கிற களத்தைப் பார், அது உன் மாமியார் போட்டது.

இதுவரை எழுதினது சந்தோஷம். இனி எழுதுவதற்குத்தான் மூன்று தரம் எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன், இப்போது ஊற்ற ஒரு செடியும் மிச்சமில்லை. பிரசவத்துக்கு மகளைத் தாய்வீடு கூட்டிப்போக வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று விஜி சொல்லிப் போயிருக்கிறாள். நம் முறையும் அதுதான், அவர்கள் முறையும் அதுதான். ஆனால் ரதீஷேட்டன் மனசோடு சொல்லாமல் நான் போகமாட்டேன் என்கிறாள் அம்பிளி. உன்னிடம் கேட்டாளாம், நீ உன் இஷ்டம் என்று சொன்னாயாம். எந்தக் குரலில் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா. அந்தப் பெண் போனை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பத்துமணிப்பூவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். வெள்ளிக்கிழமை விஜி வந்து, மகள் வரமாட்டேன் என்று நின்றால், அவள் இன்னொரு தடவை இந்தப் படி ஏறமாட்டாள். பிள்ளை பிறக்கும்போது அம்பிளியின் கையைப் பிடிக்க நீ இங்கே இருக்கப்போவதில்லை. உன் அம்மா இருப்பாள், ஆனால் வலி வந்தால் பெண் தன் அம்மாவைத்தான் கூப்பிடும்.

பாண்டி என்று விஜி சொன்ன வார்த்தையை நீ மறக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, என்னாலும் முடியவில்லை. ஆனால் வளைகாப்பு முடிந்து போகும்போது சந்துவரை போய்விட்டுத் திரும்பி வந்து, அவன் அங்கே சோறு வடித்துத் தின்னுகிறானா, ரொட்டிதானா என்று கேட்டாள். பெயர் சொல்லவில்லை, அவன் என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவு. மீதியை நீ செய்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவளைக் கூப்பிடு. நம்பர் அம்பிளியிடம் இருக்கிறது. எடுத்ததும் அம்மே என்று கூப்பிடு, ஆன்ட்டி என்று தொடங்காதே. முதலில் ஒன்றும் பேசமாட்டாள், லைன் போய்விட்டது என்று நினைத்து நீ வைத்துவிடாதே. பிறகு திட்டுவாள். நீ என்ன நியாயம் சொன்னாலும் அதற்கும் திட்டுவாள், அதனால் சொல்லாதே. நான் அவள் திட்டைக் கிட்டே நின்று கேட்டவன், உனக்குச் சொல்கிறேன், வேண்டாதவர்களை அவள் திட்டுவதில்லை, அவர்களிடம் பேசுவதே இல்லை. திட்டி முடிக்கிறவரை போனைக் காதிலேயே வைத்துக்கொள்.

நீயும் உன் பெண்டாட்டியும் பிள்ளையும் நூறு வருஷம் நல்லபடியாக இருக்க அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். கப்பலில் ஏறி வெல்டிங் செய்யும்போது கண்ணாடியைக் கழற்றாதே, உள்ளே இரண்டு பனியன் போடு. திரும்பவும் சொல்கிறேன், வெள்ளிக்கிழமைக்கு முன்னால்.

இப்படிக்கு,
உன் அப்பா
குழந்தைசாமி