துவரைக்கும் உளுந்துக்கும் ஒரு வீடு

நாள் 141, காலை 08.10

நிலவின் தென்துருவத் துளை நிலையம். பணியில் இருப்பவர் ஜெசிந்தா, துளைப் பொறியாளர். ஒரே ஆள். துளையின் ஆழம் 212 மீட்டர். இன்று மேலே வந்த பனிக்கட்டி 14 கிலோ. உள்ளே காற்றழுத்தம் சரி. தண்ணீர் வடிகட்டியை மாற்றினேன்.

எலிகள் இரண்டும் நலம். பழுப்பன் துவரை, கறுப்பன் உளுந்து. கூடப் பிறந்தவர்கள். எனக்கு முன்பு இங்கே ஆறு மாதம் இருந்த டாக்டர் குலசேகரன் எலும்பு ஆய்வுக்காகக் கொண்டுவந்தவை. ஆய்வு முடிந்துவிட்டது. இப்போது தின்பதும் தூங்குவதும்தான் இவர்களுக்கு வேலை.

பூமியில் உள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து நாச்சியார் பேசினாள். முதல் கேள்வி: "அக்கா, துவரை எப்படி இருக்கான்? உளுந்து நேத்து தும்முனானே, சரியாயிடுச்சா?" இரண்டாவது கேள்வி துளையைப் பற்றி. மூன்றாவது கேள்வி கிடையாது. எனக்கு மூன்று நாளாகப் பல்வலி.

நாள் 143, மதியம் 12.40

தும்மலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. குலசேகரன் இவர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறார். காற்று ஓடாது. மூத்திர நெடி அடியிலேயே தங்குகிறது. நான் குனிந்து மோந்து பார்த்தேன், கண் எரிந்தது. பெரிய உயிரியல் டாக்டர்!

வேறு வீடு பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், ஒரு மூலை கிடைத்தால் கடித்துத் திறந்து மின்கம்பிகளுக்குள் போய்விடுவார்கள். கருவிகள் வைக்கும் கம்பிக்கூடையும் ஆகாது. என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளியில் எலியின் தலை நுழையும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். கடைசியில் மண் சலிக்கும் சல்லடையின் வலை கிடைத்தது. ஓட்டை ஐந்து மில்லிமீட்டர். பக்கமெல்லாம் வலை, காற்று தாராளம். தரை மட்டும் பலகை, வலையில் நடந்தால் பாதம் புண்ணாகும். மூடி கட்டாயம் வேண்டும், இந்த ஈர்ப்பில் ஒரு தாவலில் என் நெஞ்சுக்கு வருகிறார்கள். இரண்டு மாடி, ஒளிய இரண்டு பெட்டி, வால் சிக்காத சக்கரம் ஒன்று.

நாலு மணி நேர வேலை. என் படுக்கை இதைவிடச் சின்னது.

நாள் 144, காலை 10.05

குடி மாற்றினேன். புது வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு இருவரும் வாசலில் நின்றார்கள். பழைய தொட்டியைப் பக்கத்தில் வைத்ததும் உள்ளே போய் நீலப் பஞ்சை வாயில் கவ்விக்கொண்டு வந்தார்கள். பஞ்சு அல்ல, குலசேகரனின் பழைய பனியன், கிழித்துப் போட்டது. ஒன்பது நடை. மூலையில் குவித்து அதன்மேல் படுத்துவிட்டார்கள். நான் நீட்டிய சூரியகாந்தி விதையை விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பிப் போனான் துவரை. கையில் ஏறவில்லை. ஒரு நாளும் ஏறியதில்லை.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் குலசேகரனே இணைப்பில் வந்தார். "வீடு அருமையா இருக்குங்க ஜெசிந்தா. ஒண்ணே ஒண்ணு. கழுவறப்ப எல்லாத்தையும் ஒரேயடியா கழுவிராதீங்க. பழைய பஞ்சுல ஒரு கைப்பிடி கெடக்கட்டும். ஆம்பள எலிங்க வாசனைய வெச்சுத்தான் கூடப் பொறந்தவன் யாரு, வேத்தாள் யாருன்னு தெரிஞ்சுக்கும். அது போச்சுன்னா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொன்னுடும்."

அவர் பேசி முடிக்கும்வரை இருவரும் ஒலிபெருக்கியின் பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு பின்னங்காலில் நின்றார்கள். என் குரலுக்கு இந்த 144 நாளில் ஒரு காது அசைந்ததில்லை. எனக்குப் பொறாமை. ஒளிப்பானேன், எழுதியே வைக்கிறேன்.

நாள் 145, காலை 09.30

ஒரு கைப்பிடி கெடக்கட்டுமாம். போன பிறகும் தன் பனியன் இங்கே கிடக்க வேண்டும் என்று என்ன நாசூக்காகக் கேட்கிறார்! வீடு கட்டியது நான். விதை போடுவது நான். மூத்திரம் துடைப்பது நான்.

எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவினேன். நீலத் துணியை ஒரு நூல் விடாமல் பொறுக்கிக் குப்பை எரிகலனில் போட்டேன். என் மஞ்சள் சட்டையைக் கிழித்து விரித்திருக்கிறேன்.

நாள் 146, மதியம் 13.20

காலையில் கீச்சுச் சத்தம். உளுந்தின் முதுகிலும் வாலிலும் கடி. நடுவில் பலகை வைத்துப் பிரித்தேன். தாமதம். வெளியே எடுத்தபோது என் உள்ளங்கையில் படுத்தான், முதல்முறையாக. இருபது நிமிடம் மூச்சு இருந்தது.

தும்மல் முற்றி இறந்ததாகச் சொன்னேன். நாச்சியார் அழுதாள். குலசேகரன் ஒன்றே ஒன்று கேட்டார்: "பஞ்சு வெச்சிருந்தீங்கதானே?"

"வெச்சிருந்தேன் சார்."

நாள் 157, மாலை 17.00

துளை 231 மீட்டர்.

துவரை வந்தான்! பதினொரு நாளாக மூலையில் முடங்கிக் கிடந்தவன் தானாக என் கையில் ஏறி, சட்டைக் கைக்குள் புகுந்து, முழங்கையருகே சுருண்டு தூங்கினான். இரண்டு மணி நேரம் அசையவில்லை நான். கை மரத்துப்போனது, சந்தோஷம் தாங்கவில்லை. உளுந்து இருந்திருந்தால் இவன் வந்திருப்பானா என்று ஒரு நினைப்பு வந்தது. விரட்டிவிட்டேன்.

நாள் 170, காலை 11.15

அடுத்த முறைக்கும் குலசேகரனே வருகிறார். இன்னும் பத்து நாளில். நான் ஊர் திரும்ப வேண்டும். துவரையைக் கூட்டிப்போகிறேன் என்று கேட்டேன்.

நாச்சியார்: "அக்கா, அவன் எலும்புக்குப் பூமியோட எடை தாங்காது. அங்கேயே சாரோட இருக்கட்டும். சாருன்னா அவனுக்கு உசுரு."

பின்னாலிருந்து குலசேகரன் சிரிப்பதும், "டேய் துவர, வந்துட்டேன்டா!" என்பதும் கேட்டது. அவ்வளவுதான். என் கைக்குள் தூங்கியவன் விழுந்தடித்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு ஓடினான்.

இனி காதுக்கருவியில் மட்டுமே பேசுவேன்.

நாள் 176

துளை போடவில்லை. வடிகட்டி மாற்றவில்லை. நிலையம் முழுக்கக் கழுவினேன். அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் படுத்த பலகை, கைப்பிடிகள் எல்லாம். துவரை என் பின்னாலேயே வந்தான். என் பின்னால்தான் வந்தான்.

நாள் 180, 11.02

இறங்குகலம் இறங்கிவிட்டது. ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். வெளிக்கதவு முன்னால் நிற்கிறார். உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். காதில் அவர் குரல்: "ஜெசிந்தா, வந்துட்டேன். கதவத் தொறங்க."

துவரை கைக்குள் தூங்குகிறான்.

11.14

"கதவு சிக்கிக்கிச்சுங்களா? எங்கிட்ட இருவத்தஞ்சு நிமிசத்துக்குத்தான் காத்து இருக்குது. கலத்துக்குத் திரும்பி நடக்கப் பத்தாது. ஏனுங்க, கேக்குதுங்களா?"

கேட்கிறது. பொத்தான் நாலடி தூரம். எழுந்தால் இவன் விழித்துவிடுவான். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும். எழுந்துவிடுவேன்.

11.29

கதவைத் தட்டுகிறார். சுவர் வழியே இங்கே நாற்காலி வரை அதிர்கிறது. நாச்சியாரும் காதில் கத்துகிறாள். "அக்கா, என்னாச்சுக்கா? தொறங்கக்கா!" என்ன ஆயிற்று என்று இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

காதுக்கருவியைக் கழற்றிவிட்டேன்.

11.41

தட்டுவது நின்றுவிட்டது.

11.50

துவரை விழித்தான். கையிலிருந்து குதித்து நேரே கதவுக்குப் போனான். பின்னங்காலில் நின்று கதவைப் பிறாண்டுகிறான்.

கூப்பிட்டேன். விதை காட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை.